சென்சாருக்கு வைத்த சந்தனம்

மாப்பிள,

இன்று ஆயுத பூஜை. பன்னீரில் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு என் மருமகள், வீட்டிலுள்ள மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டரின் காற்றுத் துளைகள் பக்கம் அவள் கை போனதும், "ஏ ஆத்தா, ஓட்டையில வச்சிராத!" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். உன்னை நினைத்துத்தான் கத்தினேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தேனி நூல் மில்லில் நான் மேஸ்திரி, நீ எலக்ட்ரீஷியன். காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால், கூடத்துக்குள் ஈரக் காற்றை அனுப்பும் பம்பையும் ஃபேனையும் நாள் முழுக்கக் கையால் போட்டு அணைத்துக்கொண்டிருந்தோம். எண்பதுகளின் கடைசியில், அதைத் தானே கவனித்துக்கொள்ளும் கன்ட்ரோலர் பெட்டிகளை வாங்கச் சொல்லி முதலாளியை நச்சரித்தவன் நீ. கோயம்புத்தூருக்குப் போய்ப் புரோகிராம் போடவும் கற்று வந்தாய். பம்புக்கு ஒரு பெட்டி, ஃபேனுக்கு ஒரு பெட்டி, இரண்டும் ஒரே வயரில் பேசிக்கொள்ளும். "நம்மள மாதிரியே ஓயாமப் பேசும் மாப்ள" என்பாய். உனக்குக் கம்பத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே புராணம்தான். பெண்ணின் அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார்.

பெட்டிகள் வந்த வருஷப் பூஜையில் முதலாளி தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். தேங்காய் உடைத்து மிஷின்களை ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் நூல் பட்பட்டென்று அறத் தொடங்கியது. பம்பு ஓடவே இல்லை.

"பூஜையன்னைக்கே மானத்த வாங்கிட்டியேடா! பழையபடி கையால ஓட்டுங்க. அந்தப் பெட்டிகளக் கழட்டி அனுப்பிட்டு, நீயும் அதோடயே போயிரு!" என்று முதலாளி உன்மேல் பாய்ந்தார்.

நீ நேராகப் போய்ப் பம்புப் பெட்டியில் ஈரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தாய். கூடமே நனைந்து சொட்டுவதாக அது காட்டியது; அதை நம்பித்தான் பம்பு நின்றிருந்தது. உடனே உள்ளே ஓடினாய், நானும் பின்னால் ஓடினேன். தூணில் ஈரம் அளக்கும் சின்ன சென்சார். அதன் துளைகளை அடைத்துக்கொண்டு, பன்னீர் ஈரம்கூடக் காயாமல், முதலாளி அப்பிய சந்தனம்.

"தொடச்சு விடு மாப்ள, சோலி முடிஞ்சுச்சு" என்றேன்.

"சொல்லாமத் தொடச்சா, மிஷினு நெனச்சா நிக்கும், நெனச்சா ஓடும்னு நம்பிருவாக. எல்லாருக்கும் முன்னால சொன்னா முதலாளி மூஞ்சி சுண்டிப்போகும். அவுகளத் தனியாக் கூட்டிட்டு வா" என்றாய்.

கூட்டி வந்தேன். சென்சாரைக் காட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாய்.

"சாமிக்கு வச்ச சந்தனத்த நான் எடுத்தாத் தப்பு, முதலாளி. வச்ச கைதான் எடுக்கணும்."

அவர் உன்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். துண்டை வாங்கித் துடைத்தார், துளைகளை வாயால் ஊதியும் விட்டார். சற்று நேரத்தில் பம்பு உறுமியது. ஈரக் காற்று முகத்தில் பட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வருசம் எங்கன வைக்கணும்னு நீயே காட்டுடா" என்று உன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வேலையை விட்டுப் போகச் சொன்ன மனிதரின் முகம் வாடக் கூடாது என்று அந்த நேரத்திலும் உனக்குத் தோன்றியதே, அதை நான் இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு மில்லிலும் சரி, வீட்டிலும் சரி, யாரைக் கண்டிப்பதென்றாலும் தனியே அழைத்துப் போய்த்தான் சொல்கிறேன். இது உன்னிடம் கற்றது என்று, நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் மட்டும் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பாய்.

இதோ, சொல்லிவிட்டேன். எங்கே, இப்போது கேலி பண்ணு, மாப்பிள.