வரி முடிவு குறித்து நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
மு. திவாகரன்,
செயலிக் குழுத் தலைவர் (இன்றுவரை),
கூலிம், கெடா.

பெறுநர்:
திரு. சிவநேசன் அவர்கள்,
தலைவர், முல்லை நலச் சங்கம்,
கூலிம், கெடா.

பொருள்: செல்வி லோகேஸ்வரி மீதான புகார் தவறு, புகார் கொடுத்தவன் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சங்கத்தின் தொழிற்சாலைப் பேருந்து நேரச் செயலியைக் கவனித்துக்கொள்பவன் நான். கடந்த மாதம் 26ஆம் தேதி, சக தொண்டர் லோகேஸ்வரி மீது தங்களிடம் புகார் கொடுத்தேன்.

1. அன்று அவர் அனுப்பிய கோப்பில் 2,318 வரிகளின் முடிவுகளும் அவர் பெயரில் மாறியிருப்பதாகக் கணினி காட்டியது. ஒரு வரியைத்தான் தொட்டேன் என்றார். நான் நம்பவில்லை. அவர் திருத்தத்தை அப்படியே தூக்கி எறிந்தேன்.

2. ஆங்கிலம் கலக்காமல் எழுதும் மிதப்பில், "லோகேஸ்வரி வரி முடிவுகளில் கைவைத்துவிட்டார்" என்று எழுதினேன். நான் சொன்னது செயலிக்குள் எழுதியிருக்கும் நிரலின் வரி. செயற்குழு புரிந்துகொண்டது வருமான வரி. பொருளாளர் பிச்சை அவர்களுக்கு வியர்த்துவிட்டதாகக் கேள்வி. அன்றே லோகேஸ்வரி இடைநீக்கம் செய்யப்பட்டார். நிரல் விஷயத்தில் சங்கம் இவ்வளவு கண்டிப்பா என்று நான் பெருமைப்பட்டேன்.

3. அவர் தொட்ட அந்த ஒரு வரி, செர்டாங் காலைப் பேருந்தின் நேரம். 5.40 என்றிருந்ததை 5.25 என்று சரியாகத் திருத்தியிருந்தார். நான் எறிந்ததால் மூன்று நாள் அங்கே பலர் பேருந்தைத் தவறவிட்டனர். அந்தப் பேருந்தில் வேலைக்குப் போகும் செல்லாயி அக்கா எனக்கு அனுப்பிய குரல் செய்தி: "தம்பி, ஒங்க போன்ல பஸ் இருக்கு, ரோட்டுல இல்லலா." அதற்கும் லோகேஸ்வரியையே குறை சொன்னேன்.

4. நேற்று வேலையிடத்துக் கணினியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். 2,318 வரிகளும் என் பெயரில் மாறின. என்மீது எனக்குச் சந்தேகம் வராத காரணத்தால், முதல்முறையாகக் காரணத்தைத் தேடினேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி உண்டு. என் வீட்டு விண்டோஸ் கணினி இரண்டு குறி போடும், வேலையிடத்துக் கணினியும் மற்றவர்களுடையதும் ஒன்றுதான். நான் வீட்டில் எழுதியதை வேறு கணினியில் யார் சேமித்தாலும் எல்லா வரிகளும் அவர் பெயரில் மாறும். வரி முடிவை என்ன செய்வது என்று வீட்டுக் கணினியில் நிரல் கருவியை நிறுவும்போதே அது கேட்டது. "உள்ளபடியே விடு" என்று அழுத்தியவன் நான்.

5. எந்தக் கணினியில் எழுதினாலும் ஒரே குறிதான் என்று நாங்கள் எல்லோரும் நிரலைச் சேமிக்கும் களஞ்சியத்திலேயே சொல்லிவைக்க ஒரு சிறு கோப்பு போதும். சேர்ந்த முதல் வாரமே லோகேஸ்வரி அதைக் கேட்டார். தேவையில்லை என்றேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை நேர்காணல். சங்கத்தின் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அவர் போகக்கூடாது. ஆகவே நாளைக்குள் இடைநீக்கத்தை நீக்கி, கடிதத்தை வழங்கி, குழுத் தலைவர் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சிறு கோப்பை இன்றே சேர்த்துவிட்டேன். அதனால் எல்லா வரிகளும் மாறியதாக என் பெயரில் பதிவாகிவிட்டது, இருக்கட்டும். பிறகு நான் எறிந்த திருத்தத்தை அவர் பெயரிலேயே மீண்டும் சேர்த்தேன்; செர்டாங் பேருந்து 5.25 என்ற ஒரு வரி மட்டும் லோகேஸ்வரி பெயரில் இருக்கிறது. அவர் தொட்டது அதைத்தான்.

இடம்: கூலிம்
நாள்: 10.6.2025

தங்கள் கண்டனத்தை எதிர்பார்க்கும்,
மு. திவாகரன்
(ஒப்பம்)