சீனாப் பள்ளிக்கூடமும் நாலு பெயரும்

மார்ச் 3, திங்கள்
மண்காற்று. பால்கனி முழுக்கச் செந்தூள். இரண்டு தரம் கழுவியாயிற்று. எனக்கு எழுத்துத் தெரியாது; போனுக்குச் சொல்ல அது எழுதுகிறது.

பேத்தி நிலாவுக்குக் கடிதம். சீனாவில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வருடம் படிக்க எடுபட்டிருக்கிறாள். மகள் வசந்தி இந்த இத்தாலி ஊரின் பல்லாரோ சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். மீன்காரனுக்கும்.

மார்ச் 4
வாளி வாங்கச் சீனாக்காரர் லின் கடைக்கு. பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டதும் மனிசன் எழும்பி நின்றுவிட்டார். அவர் ஊர்ப்பக்கமாம். நூறு வருடத்துக்கு மேல் பழசு. பழைய கோயிலொன்றில் தொடங்கியது. ஜப்பான்காரனோடு நடந்த யுத்தத்தில் வாத்திமாரும் பிள்ளைகளும் புத்தகங்களை முதுகில் கட்டி மலைக்கு நடை, குகைக்குள் பாடம். அரசாங்கப் பள்ளிக்கூடம், ஏழையும் போகலாம். சோதினையில்தான் ஆளை வடிப்பார்கள். சமைத்துப் போடத் தாய்மார் வாசலருகே அறை எடுத்து இருப்பார்களாம்.

"நீங்கள் சோதினை எழுதினீங்களோ?" அரைகுறை இத்தாலியனில் கேட்டேன்.

"ரெண்டு தரம். அதுதான் இஞ்சை வாளி விக்கிறன்."

ஊரில் வசந்தியின் பள்ளிக்கூடமும் எங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்தது. வாங்கு மேசைகளைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவள் படிப்பு அதோடு சரி.

மார்ச் 5
மத்தியானச் சாப்பாடு. மருமகனின் தம்பி அடுத்த மாதம் வருகிறான், இந்த விலாசத்தில் பதிய வேண்டும். கொமூனே என்கிற நகரசபை இந்த வீட்டுக்கு நாலு பெயர்தான் விடும்; எங்கள் நாலு பேரோடு அது சரி.

"நிலா ஒரு வருசம் இல்லைத்தானே. அவளின்ரை பேரை வெட்டிப்போட்டு அவனைப் போடுவம்." வசந்தி.

மன்னார்ச் செபமாலையின் மகன் இங்கே பிறந்தவன். பதினான்கு வயதில் ஊருக்கு அனுப்பிப் பெயரை வெட்டினார்கள். பதினெட்டு வரை பதிவு அறாமல் இருக்கவேண்டுமாம்; அதனால் குடியுரிமை கிடைக்கவில்லை. இன்றைக்கும் விசாவுக்குக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோர் வரிசையில் நிற்கிறான். நிலாவும் இங்கே பிறந்தவள். சொன்னேன்.

"அப்பா, உங்களுக்குக் கெட்டது மட்டும் ஞாபகம் வரும். தம்பியைத் தெருவிலை விடுறதோ? அப்ப இவள் நிக்கட்டும், வீட்டிலை ஆள் இருந்தால்தான் இடமில்லையெண்டு அவனுக்குச் சொல்லலாம்."

நிலா கரண்டியை வைத்தாள். "வா பேனே, சரி. நான் போகேல்லை, அம்மப்பா."

மார்ச் 6
கால் வீக்கம். பிரஷர்க் குளிசை நாலுதான் மிச்சம். பதிவில் பெயர் போனவனுக்கு டாக்டர் இல்லை, பெர்மெஸ்ஸோ என்கிற விசாவும் புதுப்பிக்க ஏலாது. பள்ளிக்கூடக் கடிதம் குப்பை வாளிக்குள். எடுத்துத் துடைத்து வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி
தனியாகக் கொமூனேக்கு. வரிசை இலக்கம் எடுத்துக் காத்திருந்தேன். என்னுடைய பெயரை வெட்டச் சொன்னேன். பதிவு மேசையில் இருந்த சின்யோரா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். கையெழுத்து மட்டும் எனக்குத் தெரியும், போட்டேன்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

சீனாவுக்கு என்றேன்.