குவைத் மீண்டால் ஒரு ஆட்டுக்குட்டி

3.8.1990, பரளச்சி

பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள், ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டதாம். என் வீட்டுக்காரர் ஸ்டீபன் அங்கேதான் ஒரு அரபி வீட்டில் டிரைவர். கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தார். கரண்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மிச்சப் பிள்ளைகளுக்கு ஆயாதான் போட்டாள்.

15.8.1990

அமெரிக்காவும் இன்னும் பல நாடுகளும் சேர்ந்து சவூதியில் படை இறக்குகின்றனவாம். குவைத்தை மீட்டுத் தருவார்களாம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஊரில் ஆளாளுக்குத் தளபதி ஆகிவிட்டார்கள். "சின்ன நாடு தனியா என்னத்தச் செய்யும்? நாலு பேரு பின்னால வந்து நின்னாத்தான் அடிச்சவன் யோசிப்பான்" என்றார் டீக்கடை செல்லப்பாண்டி.

சரிதான். ஆனால் எண்ணெய்க் கிணறு இல்லாத இந்தப் பரளச்சியை ஒருத்தன் பிடித்துக்கொண்டால் எந்தக் கப்பல் வரும்? கண்மாய்க்கரை உடைந்தால் அடைக்கவே இங்கே நாலு தெரு ஒன்றுசேராது.

19.8.1990, ஞாயிறு

சபைக்கு முன்னால் எழுந்து நின்று பொருத்தனை பண்ணினேன். நாடுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து குவைத்தை மீட்டுவிட்டால் ஒரு வெள்ளாட்டுக்குட்டி காணிக்கை. டீச்சர் இல்லையா, எதையும் முறையாகச் சொல்ல வேண்டும். நாடு மீண்டால் ஆள் மீளாமலா போவார்?

பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் அக்காவும் தன் கிடாக்குட்டியின் காதைக் கீறி, கருப்பசாமிக்கு நேர்ந்து விட்டுவிட்டாள். "ஸ்டீபன் வந்து இந்த வாசல்ல நிக்கட்டும், வெட்டிப் பொங்க வைக்கிறேன்னு சொல்லிட்டேன். ஒங்க சாமி ஒரு பக்கம், எங்க சாமி ஒரு பக்கம். ரெண்டும் கூட்டணி சேந்து கொண்டாரட்டும்டி" என்றாள். இந்த மாதத்தில் இன்றுதான் சிரித்தேன்.

27.9.1990

நரிக்குடி ராஜகுரு வந்துவிட்டார். அங்கே இவரோடு ஒரே அறையில் இருந்தவர். பாலைவனம் தாண்டி ஜோர்டான் போய், நம் அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் பம்பாய் வந்திருக்கிறார். வாசலிலேயே நிற்கிறார், உட்கார மாட்டேன் என்கிறார்.

"மதினி, அண்ணன் பஸ்ஸுல பெட்டிய ஏத்திட்டாரு. அரபி குடும்பம் பூராம் ஓடிப்போச்சு. படுக்கையில கெடந்த கெழவிய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாக. 'தண்ணி குடுக்கக்கூட ஆளில்லப்பா, அடுத்த பஸ்ஸுல வாரேன்'னு எறங்கிட்டாரு."

பெட்டி மட்டும் வந்திருக்கிறது, கயிறு போட்டுக் கட்டியபடி. அவர் வந்து அவிழ்க்கட்டும்.

கோபம் கோபமாய் வருகிறது. பெற்ற பிள்ளைகளே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒமக்கு என்னய்யா?

18.1.1991

நேற்று ஆரம்பித்துவிட்டார்கள். வரிசை வரிசையாய் விமானம், குண்டு. கூட்டணிப் படை ஜெயிக்க வேண்டும் என்று உபதேசியார் உபவாச ஜெபம் வைத்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் எழவில்லை. காப்பாற்ற வருகிறவன் போடுகிற குண்டுக்குக் கீழேதானே அவரும் இருக்கிறார்? வராதே என்று சொல்லவும் முடியவில்லை. அவர்கள் வராவிட்டால் இவர் எப்படி வெளியே—

2.2.1991

இன்று ரேடியோ கேட்பதில்லை என்று இருந்தேன். கேட்டேன்.

1.3.1991

குவைத் மீண்டுவிட்டது. செல்லப்பாண்டி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்கு இரண்டு.

3.3.1991, ஞாயிறு

அவரைப் பற்றித் தகவல் இல்லை. ஆனாலும் குட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து ஏலம் விட்டார்கள். பாலவனத்தம் ஊர்க்காரர் ஒருவர் எடுத்தார். இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பித் திரும்பிக் கத்தியது.

"அவன் வரலயே, அதுக்குள்ள எதுக்குடி குடுத்த?" என்றாள் ஜக்கம்மாள் அக்கா.

"குவைத்து மீண்டாத் தாரேன்னுதானக்கா சொன்னேன்."

சொல்லும்போதுதான் உறைத்தது. கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டார் கர்த்தர். நான் இவுக பேரையே சொல்லலயே. பாவி, பேரையே சொல்லலயே.

9.8.1991

ராஜகுரு திரும்பவும் குவைத் போய் விசாரித்து எழுதியிருக்கிறார். குண்டு விழ ஆரம்பித்த வாரம், ரொட்டி வாங்கப் போனவரை ஈராக் பட்டாளம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டார் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. பாவம், கிழவியும் போய்விட்டாளாம்.

பிடித்துக்கொண்டு போன குவைத்துக்காரர்களைத் திருப்பிக் கேட்டு, சேர்ந்து வந்த நாடுகள் ஈராக்கை நெருக்குகின்றனவாம். கேட்கட்டும், அவர்கள் வீட்டிலும் பெண்கள் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் பரளச்சி டிரைவரை எந்தப் படை கேட்கும்? டெல்லிக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்கிறார்களாம்.

14.4.1993

எழுத ஒன்றுமில்லை.

20.2.1995

ஜக்கம்மாள் அக்காவின் கிடா இன்று செத்துவிட்டது. ஒவ்வொரு மாசிக்கும் பூசாரி கேட்பார், "ஆள் இன்னும் வரல" என்று அக்கா மறுத்துவிடுவாள். கொம்பு சுருண்டு, தாடி வளர்ந்து, பால்வாடிப் பிள்ளைகளை முட்டிக்கொண்டு திரிந்தது. வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தோம். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அக்கா ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காதில் கீறல், அதன்மேல் மஞ்சள்.

"இதுவும் ஸ்டீபனுக்குத்தான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "கட்டுறதுக்குக் கயிறு இருந்தாக் குடு."

உள்ளே போய், அவர் பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து கொடுத்தேன்.