வயர் இல்லாத மெஷின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குறைகூட இல்லாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு, அந்தச் சனிக்கிழமை, வீட்டில் இருந்தது நான், உன் அப்பா, உன் அண்ணன், குழாய் மாற்ற வந்த பிளம்பர். அந்தக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அவன் முகத்தையும் நான் மறக்கவில்லை. நீ அங்கே இல்லை, அதனால் ஒன்பது வருடமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், எல்லாம் நீ அனுப்பிய பெட்டியால் வந்தது.

ஹாலில் பிளக் பாயிண்ட் கெட்டுப்போனதால் தூசி உறிஞ்சும் மெஷின் வயரை அப்பா ரூமில் செருகித்தான் ஹால் கார்பெட்டைச் சுத்தம் செய்வேன், உனக்கே தெரியும். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் காது கேட்காது, அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிளக்கைப் பிடுங்கிவிடுவார். "உங்கம்மாவக் கூப்பிட இதான் பெல்லு" என்று உங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கும் மெஷின் நின்றது. சோபாவுக்கு அடியில் பாதி முடித்திருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் "டேய், உங்கப்பா விளையாட்ட ஆரம்பிச்சுட்டாரு, போய்ச் செருகி விடு" என்று கத்தினேன். அண்ணன் போய்ச் செருகினான். "அப்பா தூங்குறாரும்மா" என்றான். பிளக்கைப் பிடுங்கிய மனுஷன் அடுத்த நிமிஷமே எப்படித் தூங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹாலை முடித்து, வாசல் மிதியடியையும் முடித்து, வயரைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போனேன். அவர் கை சில்லிட்டுப்போய், பிளக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போதும் சில சனிக்கிழமைகளில் மெஷின் நின்றுவிடுகிறது. போய்ப் பார்த்தால் பிளக் கீழே கிடக்கும், ரூமில் யாரும் இல்லை. துளை தளர்ந்துவிட்டது என்கிறான் அண்ணன். எனக்குத் தெரியாதா, நான் என்ன பைத்தியமா? ஆனாலும் போட்டது போட்டபடி ஓடுகிறேன். பெட்டி மேல் படத்தைப் பார்த்தேன், நீ அனுப்பிய புது மெஷினில் வயரே இல்லை, அதில் அவர் எதைப் பிடுங்குவார்? பெட்டியைப் பிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து அப்பா ரூம் பிளக் பாயிண்டையும் மாற்றப்போகிறானாம் உன் அண்ணன். நீ போன் போட்டுத் தடுத்துவிடு. ஒன்பது வருடமாக அவன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை நான். செருகச் சொன்ன வாய் என்னுடையதுதானே, போகட்டும் என்று இப்போது தோன்றுகிறது. இதையும் நீயே அவனிடம் சொல், எனக்கு வராது.

பேத்தி தவழ்கிறாள், வாரம் இரண்டு தடவையாவது கார்பெட்டைச் சுத்தம் செய். அவசரப்படாமல் குறுக்கும் நெடுக்குமாக இழு, தூசி அடியில்தான் உட்கார்ந்திருக்கும். மெஷின் தானாக நின்றால், முதலில் வீட்டில் இருக்கிற எல்லார் முகத்தையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். போன் போட மறந்துவிடாதே.

நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார், உன் அப்பா. ஒரு தடவை பிடுங்கிய கை, இன்னொரு தடவை பிடுங்கியிருக்கக் கூடாதா?

இப்படிக்கு
உன் அம்மா