பின்னால் உட்கார்ந்தவன் பெயர்

அண்ணே,

நேற்று நீங்கள் எழுதிவைத்த தாள்கட்டை உங்கள் வீட்டிலிருந்து வாங்கி வந்துவிட்டேன். மாதாகோயிலில் உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு மதினி அதைக் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தியிருந்தால், நீங்கள் பாதி ஆயுளைப் போட்டு எழுதியது ஒரு அண்டா தண்ணீர் சுடுவதற்கு ஆகியிருக்கும்.

கடை மேசையில் வைத்துக் கயிற்றை அவிழ்த்ததும் ரஷ்யச் சிகரெட் நாற்றம் எழுந்தது. பாதிக்கு மேல் வெறும் அட்டைக் குழாயாக இருக்குமே, கப்பல்காரர்கள் உங்களுக்குச் சும்மா கொடுத்த அந்தச் சிகரெட். உங்கள் நெஞ்சைத் தின்றது அதுதான். உங்களைப் புதைத்தாகிவிட்டது. நாற்றம் மட்டும் தாள்களுக்குள் சுகமாக இருக்கிறது.

உங்களால் எனக்கு லாபம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தோடு தூத்துக்குடிக்கு வந்தவன் நான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் கோழியும் ஏற்றிக் கொடுக்கப் பலர் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். சோவியத்துக் கப்பலின் சமையல்காரனிடம் அவன் பாஷையிலேயே பேரம் பேச ஆள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஆள் நீங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்யப் பாஷை இல்லை உங்களுடையது. கப்பல் கப்பலாக ஏறி இறங்கிப் பொறுக்கிய பாஷை. வயதில் மூத்தவர் நீங்கள். ஆனாலும் ஊரே கூப்பிடுகிறது என்று கேலியாக என்னை "அண்ணாச்சி" என்பீர்கள். கோபம் வந்தால் மட்டும் "ஏலே".

அந்தக் கிழவனைப் பார்த்த மத்தியானம் உங்களை மாற்றியது. என் தொழிலையும் கொஞ்சம் கெடுத்தது. கப்பலில் தச்சு வேலை பார்த்தவன். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு முக்காலிக்குக் கால் செதுக்கிக்கொண்டிருந்தான். இளவயதில் போரில், முதுகுப் பக்கம் ஒருவன் துப்பாக்கியோடு காவல் உட்காரும் விமானத்தை ஓட்டியவன் என்று சமையல்காரன் சொன்னான். நான் வெங்காய மூட்டையை எண்ணச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் அவன் எதிரே போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அவன் உங்கள் அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்டான். சங்கு குளித்தவர் என்று சொன்னீர்கள். கல்லோடு கடலடிக்குப் போவார். மேலே படகில் ஒருவன் இரண்டு கயிறு பிடித்து நிற்பான், ஒன்று ஆளுக்கு, ஒன்று சங்குப் பைக்கு. அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் குளிக்கிறவனின் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலியறுக்கும்படி எவனும் கயிற்றில் கை தளர மாட்டான் என்பது கடற்கரைக் கணக்கு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேறு எந்த ஊர்க்காரனும் கேட்டிருக்க மாட்டாத ஒரு கேள்வியைக் கேட்டீர்கள். அவன் விமானத்தில் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தவன் யாருடைய மச்சான்? எந்த முறையில் அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள்?

கிழவன் இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு சொன்னான். நீங்கள் அதை எனக்குத் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னீர்கள்.

அவன் ஓட்டியது தரையை ஒட்டிப் பறந்து டாங்கிகளை அடிக்கும் விமானம். இயந்திரத்தையும் ஓட்டுகிறவனையும் சுற்றி எஃகுத் தொட்டி. முதலில் அதில் ஒரே ஆள்தான். பின்னாலிருந்து வந்த ஜெர்மன் விமானங்கள் சுட்டுச் சுட்டுத் தள்ளவே, முதுகுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். முதுகில் ஓட்டை வெட்டி, துப்பாக்கி ஒன்றைப் பொருத்தி, உட்கார ஒரு கித்தான் பட்டை கட்டினார்கள். தொழிற்சாலையிலிருந்தே இரண்டு ஆள் விமானம் வந்தபோதும் எஃகுத் தொட்டி ஓட்டுகிறவன் முதுகோடு முடிந்துவிட்டது. சுடுகிறவன் அதற்கு வெளியே, தகரத்துக்கும் துணிக்கும் நடுவே. பழுது பார்க்கிறவனை ஏற்றினார்கள், குண்டு மாட்டுகிறவனை ஏற்றினார்கள், சில சமயம் தண்டனை பெற்றவனை ஏற்றினார்கள். பேச்சுக் கம்பி அறுந்துவிட்டால், முன்னால் இருந்தவன் குதித்துவிட்டது பின்னால் இருந்தவனுக்குத் தெரியாது. ஆளில்லாத விமானத்தில் அவன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே போவான்.

விமானம் திரும்பி வந்து இறங்கியதும் பின்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவார்களாம். அடுத்து ஏற வேண்டியவன் தன் துணிமூட்டையோடு பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பானாம்.

அவர்கள் பெயரைச் சொல் என்றீர்கள். தெரியாது என்றான். முதல் இரண்டு பேரோடு பெயர் கேட்பதை விட்டுவிட்டேன், கேட்டால் சாப்பாடு இறங்காது என்றான். விமானத் தளத்தில் வளர்ந்த நாயின் பெயர் மட்டும் அவனுக்கு நினைவிருந்தது. அதைச் சொல்லும்போது அழுதான்.

படகில் திரும்பும்போது நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். எஃகு கனம், கனம் காசு. ஓட்டுகிறவனைப் பழக்க மாதக்கணக்கு ஆகும், சுடுகிறவனைச் சில நாளில் பழக்கிவிடலாம். எதைப் பெட்டிக்குள் வைப்பது என்று எந்த வியாபாரிக்கும் தெரியும். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஏலே, அப்ப எங்க அப்பா செத்ததும் சரியான கணக்குதானா?"

அன்றுதான் அதை எனக்கு முழுதாகச் சொன்னீர்கள். அந்த நாள் உங்கள் தாய்மாமா படகுக்கு வரவில்லை. தனக்குப் பதில் ஒரு கூலிக்காரனை அனுப்பினார். கரைக்காட்டு ஆள், கடல் பழகாதவன். அடியில் உங்கள் அப்பா இரண்டு கயிற்றையும் இழுத்தபோது அவன் முதலில் பையைத் தூக்கினான். பையில் சங்கு நிறைந்திருந்தது. அடுத்து ஆளைத் தூக்கினான். மாமா கூடுதல் கூலிக்கு வேறு படகில் ஏறிவிட்டார் என்று ஊர் பேசியது. மாமா மறுக்கவில்லை. அந்தக் கூலிக்காரனின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அதே மாமாவின் மகளையே உங்களுக்குக் கட்டி வைத்தார்கள். முறைப்பெண், வேறென்ன செய்வது. "ஆளை முதல்ல தூக்கு, பையைப் பொறவு தூக்கு" என்று நீங்கள் என் சுமைக்காரர்களிடம் காரணமில்லாமல் கத்துவது எதனால் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதன்பின் வந்த ஒவ்வொரு சோவியத்துக் கப்பலிலும் அந்தக் கிழவனின் படைப்பிரிவைப் பற்றிக் கேட்டீர்கள். முன்னாள் வீரர்களின் சங்கங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள். ஒரு பெயர் எழுதி அனுப்பினால் ஒரு வலம்புரி மாதிரிச் சங்கு என்று மாலுமிகளோடு உடன்படிக்கை வைத்தீர்கள். நிஜ வலம்புரி என்று நினைத்து வாங்கிப் போனவனும் உண்டு. அந்தத் தந்திரம் என்னிடம் கற்றது, நான் பெருமைப்பட்டேன். அந்த நாடே உடைந்தபோது கடிதங்கள் நின்றன. ரஷ்யா நினைவு வைத்திராததைத் தூத்துக்குடிக்காரன் எதற்குத் தோண்ட வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தீர்கள்.

நேற்று ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எதிரி மாஸ்கோவின் வாசலில் நின்ற குளிர்காலத்தில் பிரிவு உருவாகிறது. வோல்காக் கரையில் கூரை போடாத தொழிற்சாலையில், பனி தலையில் விழ விழ, பெண்கள் விமானம் செய்கிறார்கள். ஸ்டாலின்கிராட் சமவெளியில் பிரிவு அழிகிறது. மிச்சம் இருந்தவர்களைப் பின்னுக்கு இழுத்து, புது ஆளும் புது விமானமும் போட்டு நிரப்புகிறார்கள். குர்ஸ்க்கில் திரும்பவும் அழிகிறது, திரும்பவும் நிரப்புகிறார்கள். பட்டம் கிடைக்கிறது, கொடி கிடைக்கிறது. பால்டிக் கடலோரம் போய்ச் சேரும்போது தொடக்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய எவரும் இல்லை. பிரிவின் எண்ணும் கொடியும்தான் அதே. கடைப் பெயர்ப்பலகை மாறவில்லை, சரக்கு மட்டும் தீர்ந்து தீர்ந்து வந்தது என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு பறப்பையும் எழுதும்போது நீங்கள் பின்னால் உட்கார்ந்தவன் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள், ஓட்டியவன் பெயரை அடுத்து. பெயர் கிடைக்காத இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறீர்கள். காலி வரிகள்தான் அதிகம்.

கொடுமை முன்னுரையில் இருந்தது. அதை மட்டும் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே வாசித்தேன். "என் தந்தையின் கயிற்றைப் பிடித்தவன் பெயர் எனக்குத் தெரியாது. பிடித்திருக்க வேண்டியவர் பெயர் தெரியும்" என்று எழுதி, மாமாவின் பெயரை ஊரோடும் குடும்பத்தோடும் போட்டு, கூலிக்கு ஆசைப்பட்டவர் என்று முடித்திருந்தீர்கள். மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என்னிடம், "ஒரு எழுத்துக் குறையாம அச்சுப் போடணும்ல" என்றீர்கள். சரி என்றேன்.

அந்தச் சரியை நிறைவேற்றத்தான் நேற்றுப் போனேன். மதினி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கட்டு பக்கத்தில் கிடந்தது.

"வாங்க அண்ணாச்சி. வெந்நி போடப் போறேன். காப்பி குடிக்கீயளா?"

நான் விலை பேச ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வழி அதுதானே. துட்டுப் பேசாதீய என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் உங்கள் எழுத்து முழுவதையும் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு, வந்து உங்களுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள்.

"எங்க அப்பா வேற படகுக்குப் போகல அண்ணாச்சி. எனக்கு வாந்தி பேதி. கைப்புள்ள நான். என்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாக."

பிறகு ஏன் ஊர் பேசியதை அவர் தாங்கிக்கொண்டார் என்று கேட்டேன்.

"சொன்னா? அத்தை புருசனத் தின்ன புள்ளன்னு பேராகிப் போகும். அந்த வீட்டு வாசல என்னை மிதிக்க விட்டிருப்பாகளா? கூலிக்கு ஆசைப்பட்டவன்னு பேரு வாங்குனாலும் மக வாழட்டும்னு இருந்துட்டாக."

உங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவர்கள் சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தார்கள்.

"என்னக் கெட்டுன நாள்லேருந்து எங்க அப்பா வந்தா அவுக எந்திரிச்சு வெளிய போயிருவாக. அஞ்சு தெரு தள்ளி உசிரோட இருந்தவர்கிட்ட, அன்னைக்கு ஏன் வரலன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரஷ்யாக்காரனுக்கு மட்டும் காயிதம் காயிதமா எழுதுனாக."

மாமா செத்தபோது நீங்கள் துஷ்டி வீட்டு வாசலில் நின்றுவிட்டு உள்ளே போகாமல் திரும்பியது நினைவுக்கு வந்தது. அன்று உங்களைக் கூட்டிப் போனவன் நான்தான். மண் போடாமல் வந்ததை வைராக்கியம் என்று நாலு பேரிடம் புகழ்ந்தேன்.

உங்களுக்கு இது தெரியாமலே போயிற்று. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி இதைச் சுமந்து திரிய வேண்டியவன் நான். காரணத்தைச் சேர்த்து முன்னுரையைத் திருத்தி எழுதலாம், மாமாவின் பேரும் துலங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் மதினி தலையாட்டவில்லை. தன் பேதியால் செத்த மாமனாரின் கதை அச்சில் ஏறி, பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்றார்கள். நான் விடாமல் பேசினேன். தண்ணீர் கொதித்து, ஆறி, திரும்பவும் கொதித்தது. கடைசியில் முடிவானது இது.

முன்னுரை போகும். மாமா பெயரும் இராது, அவர் ஏன் வரவில்லை என்பதும் இராது. அந்தத் தாள்கள் என் கண்ணெதிரே அடுப்பில் போயின. மற்றது எழுத்துக் குறையாமல் அச்சாகும். பின்னால் உட்கார்ந்தவர்கள் பெயர் முதலில் வரும், காலி வரிகள் காலியாகவே இருக்கும். அச்சுச் செலவு என்னுடையது, மதினிக்கு ஒரு பைசா வேண்டாம். மதினி கேட்டபடி, முதல் பிரதி உங்கள் கல்லறைக்கு வராது. கல்லறைத் திருநாளன்று, ஊர் பார்க்க, அதை நானே கொண்டுபோய் உங்கள் மாமாவின் கல்லறைமேல் வைக்க வேண்டும்.