வைண்டிங் அறையை மூடிய வருஷம்

ஜனவரி 8, 2024
முடிவாகிவிட்டது. குஞ்சு பொரிக்கும் மெஷினுக்கு நாங்கள் செய்யும் கன்ட்ரோல் பெட்டியில் இனி டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரும். "நாம காயில் சுத்தி முடிக்கறதுக்குள்ள ஆர்டர் கை மாறிடுது மைதிலி" என்கிறார் கவின். என் கணவர் சொல்வதும் நியாயம்தான். மாதிரிக்கு வந்ததை நானே பிரித்துப் பார்த்தேன். நல்ல செம்புக் கம்பி. ஆனால் இங்கே காயில் சுற்றும் மஞ்சுளாவிடம் யார் சொல்வது?

ஜனவரி 10
நான்தான் சொன்னேன், வைண்டிங் அறையை மூடுகிறோம் என்று. காயில் சுற்றும் நான்கு பெண்களுக்கும் இனி வேலை இல்லை. மஞ்சுளா மட்டும் கேட்டாள்: "நாங்க சுத்துனது எங்கியாச்சும் கருகிப் போச்சுங்களா அக்கா?"
இல்லை என்றேன்.

ஏப்ரல் 12
சரக்கு வந்தது. அவசரம். மோகனூர் நாச்சிமுத்து அண்ணன் கோழிப்பண்ணைக்கு உடனே பெட்டி போய்விட்டது.

மே 6
மோகனூரில் மத்தியானம் கரண்ட் ரொம்ப ஏறி இறங்கியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் கருகி மெஷின் நின்றுவிட்டது. போய்ப் பிரித்தேன். உள்ளே செம்பு இல்லை, சீக்கிரம் சூடாகும் அலுமினியம். வந்த சரக்கில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்தேனா? ஏன் பாக்கல?

அண்ணன் திட்டவில்லை. முட்டைத் தட்டை இழுத்து என் காதருகே பிடித்தார். "இன்னும் கொஞ்சம் குஞ்சு உள்ளார கத்துது. கேக்குதா அம்மிணி?"
கேட்டது. நின்றுகொண்டிருக்கும்போதே அடங்கிப் போனது.

மே 7
மீதிச் சரக்கைப் பிரித்தேன். எல்லாமே அலுமினியம்.

மே 20
வாழப்பாடிக்குப் போனேன், மஞ்சுளாவைத் திரும்பக் கூப்பிட. வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவளே காயில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். மற்ற மூவரும் அங்கேதான்.
"கோவமெல்லாம் இல்லக்கா. மறுபடி என்னிக்கு வேணாம்பீங்களோன்னு பயந்துகிட்டே ஒக்காந்து சுத்த முடியாது."
பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 2
விற்ற பெட்டிகளை எல்லாம் திருப்பி எடுத்தாயிற்று. புது ஆர்டர் ஒன்றுகூட இல்லை. கவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். பேசவே மாட்டேங்கறாரு. நான் மட்டும் எத்தனை நாள்தான் பேசிக்கிட்டே இருக்கறது?

ஆகஸ்ட் 19
அதே.

அக்டோபர் 14
நாச்சிமுத்து அண்ணன் போன் செய்தார். "மஞ்சுளா புள்ள சுத்துன டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பெட்டி வாங்கியாந்திருக்கறேன். மாட்டித் தரோணும். வாரீங்களா அம்மிணி?"

போனேன். மஞ்சுளாவும் வந்திருந்தாள். மாட்டி முடித்ததும் மெஷின் ஓடியது. பெட்டிமேல் ஒட்ட ஸ்டிக்கர் கொடுத்தாள். அவள் கம்பெனி பெயர். துடைத்துவிட்டு நேராக ஒட்டினேன்.

கிளம்பும்போது கேட்டாள்: "நாளைக்கு எடப்பாடியில ஒன்னு மாட்டணும். நமக்கு ஆள் இல்ல. வரீங்களாக்கா?"
வரேன் என்றேன். கவினிடம் இன்னும் சொல்லவில்லை.