பின் குத்தி மூடிய கடைசி அத்தியாயம்

உன் தம்பி சித்தூரிலிருந்து ஒரு துணிப்பையை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து திறந்ததும் அந்துருண்டை வாசனை. உன் மூக்குக் கண்ணாடிக் கூடு, சபைப் பாட்டுப் புத்தகம், அதற்கடியில் என் நாவல். ‘முதல் வாசகிக்கு’ என்று நான் கையெழுத்துப் போட்டு உனக்குக் கொடுத்த பிரதி. மூலைகள் மடங்கி, அங்கங்கே பென்சில் கோடு. புரட்டிக்கொண்டே போனவளுக்குக் கடைசி அத்தியாயத்தில் பக்கம் திரும்பவில்லை. ஆறு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் நெடுக ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி வைத்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பின்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. போய்ச் சேர்ந்த பிறகும் என் எழுத்தில் குறை கண்டுபிடிக்கிறாளே இவள் என்று புத்தகத்தை மேஜை மேல் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் ஒன்றுமில்லாததற்குப் பாத்திரங்களை உருட்டினேன். அப்புறம் திரும்பி வந்து அந்தப் பின்களைத் தடவிப் பார்த்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. நீ போய் எட்டு மாதத்தில் அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

நாம் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் செக்‌ஷனை எடுத்துவிட்டார்கள். அதுவரை தமிழில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நம்மைத் தெலுங்கு வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். எனக்கு வாய் நீளம். ஒரே மாதத்தில் தெலுங்கில் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். உனக்கோ தினமும் காலையில் வயிறு வலித்தது. உன் அப்பா, நீ கூப்பிடும் நைனா, பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமும் வலித்தது, மறுபடி பூச்சி மருந்து. அந்த வருஷம் உன் வயிற்றில் பூச்சி என்று ஒன்று இருந்திருந்தாலும் பிழைத்திருக்காது.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கென்று வரும் ஞாயிறன்று ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் போய் நின்று பைபிள் வசனம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை எங்கேயாவது நின்றுவிட்டால் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கும். அப்படியும் வரவில்லை என்றால் இன்னொரு குரல் சேரும். கடைசியில் சபையே சேர்ந்து வசனத்தைச் சொல்லி முடித்துவிடும். யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லாம் பிரியத்தில் செய்வதுதான். அந்த வருஷம் நீ முதல் வார்த்தையோடு நின்றாய். முதல் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். அடுத்த வார்த்தையையும் நானே கொடுத்தேன், அதற்கடுத்ததையும். வசனம் முழுவதையும் நான் சொல்லி முடித்தேன், நீ வாயை மட்டும் அசைத்தாய். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. வெளியே வந்ததும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்டி. வந்துக்கினு இருந்துச்சு” என்றாய்.

அதற்குள் யாரோ கேக் கொடுத்தார்கள், நான் அதை வாங்க ஓடிவிட்டேன்.

நான் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தேன். நீ அதே பள்ளிக்கூடத்திலேயே லைப்ரரியனாகச் சேர்ந்தாய். பத்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாவல் எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது, நீதிக்கதையா என்று கேட்காத ஒரே ஆள் நீதான். அந்த வயதில்தான் எல்லாம் ஒரே நேரத்தில் மாறும், அப்போது வயிற்றைப் பிசையும், அதைப் பற்றி யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு எழுதுவதில்லை என்று சொன்னாய். நான் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி அனுப்புவேன். வெள்ளிக்கிழமை லைப்ரரி வகுப்பில் ஆறாம் வகுப்புக்கு நீ வாசித்துக் காட்டுவாய். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வீட்டுப் பேச்சுதான், எழுத்து தெரியாது. தமிழில் வாசித்து, புரியாத இடத்தில் தெலுங்கில் சொல்லி, எங்கே கொட்டாவி விட்டார்கள், எங்கே நகத்தைக் கடித்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வருவாய். சந்திரகிரி கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து அதைப் பேசுவோம். நடுவழி என்று நீதான் அந்த இடத்தைச் சொன்னாய். எனக்கு அரை மணி நேரம், உனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அது நடுவழியே இல்லை என்று உனக்குத் தெரியாதா என்ன. எனக்கும் தெரியும், ஆனாலும் ஒரு தடவைகூட நான் சித்தூர்ப் பக்கம் வருகிறேன் என்று சொன்னதில்லை.

இந்த நாவலில் வரும் பெண் நகரியில் பிறந்தவள். அப்பாவுக்கு நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். புதுப் பள்ளிக்கூடம், புது பாஷை. காலையில் பள்ளிக்கூடம் என்றாலே அவளுக்கு வயிறு பிசைகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. யாருடைய வயிறு அது என்று நாம் இருவரும் பேசிக்கொண்டதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவளை நான் ஆண்டுவிழா மேடையில் ஏற்றினேன். தெலுங்கில் பத்து நிமிஷம் தடங்கலில்லாமல் பேசினாள். கைதட்டல் ஓயவில்லை. பயம் எங்கே போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை என்று முடித்திருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அதை வாசித்துவிட்டு வந்த சனிக்கிழமை நீ பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நேத்து ஒரு பொண்ணு கேட்டுச்சுடி. அவளுக்குப் போயிடுச்சே, எனக்கு மட்டும் ஏன் இன்னும் போவலன்னு.”

எந்தப் பெண் என்று கேட்டேன். கடைசி பெஞ்சு என்றாய், கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். கைதட்டினார்கள் என்றாய். அப்புறமென்ன, நாற்பது பேர் கைதட்டும்போது ஒருத்திக்காக முடிவை மாற்ற முடியுமா, பிள்ளைகளுக்கு நம்பிக்கை வேண்டாமா என்று படபடவென்று பேசினேன். நீ பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாய். அது பொறுக்காமல், அச்சுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன்.

போகவில்லை. என் மேஜை மேல்தான் இருந்தது. அடுத்த புதன்கிழமைதான் அனுப்பினேன். இதை உன்னிடம் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

“சரி வுடு, பர்வாலேது” என்று எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்தாய். அதற்கப்புறம் அந்த முடிவைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. நாவல் வந்தது, சில வருஷம் கழித்து உனக்கு உடம்புக்கு வந்தது, வேலூர் ஆஸ்பத்திரிக்கும் சித்தூருக்குமாய் அலைந்தாய். கடைசியாக உன்னைப் பார்த்த அன்று நம் சபைக் கோயிலுக்கு அடித்திருக்கும் புதுப் பெயிண்ட் நிறம் சகிக்கவில்லை என்று இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பை வந்த அடுத்த வாரம் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. இரண்டாம் பதிப்பு போடுகிறார்களாம், திருத்தம் இருந்தால் மாத முடிவுக்குள் சொல்ல வேண்டுமாம். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டுத்தான் எதையும் தொடுவது என்று முடிவு செய்து சித்தூருக்கு பஸ் ஏறினேன். முதலில் உன் தம்பியைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகப் பயந்த ஒரு பெண்ணைப் பற்றி அக்கா எப்போதாவது சொன்னாளா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“இஸ்கூலுக்குப் போவ பயந்தது எங்க அக்காதான்க்கா. காலையில டீ கூட குடிக்காது. வயித்தப் புடிச்சிக்கினு படியில உக்காந்துக்கினு இருக்கும். எட்டரை ஆனா எழுந்து போயிடும். ரிட்டையர் ஆவுற வயசு வரைக்கும் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. வாரம் தவறாமல் போன் பேசினேன், எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்மேல் ஆத்திரப்படக்கூட வழியில்லை, ஏனென்றால் நீ சொல்லியிருக்கிறாய். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், வேறொரு பெண்ணின் பேரில் சொல்லியிருக்கிறாய். நான் அதைக் கேட்ட லட்சணம் இது.

பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் சின்ன வயசுக்காரி, குப்பம் ஊர்ப் பக்கமாம், நீ இருந்தபோதே உனக்கு உதவிக்கு வந்தவளாம். உன் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றாள். அந்த நாவலை நீ வருஷா வருஷம் ஆறாம் வகுப்புக்கு வாசித்ததைச் சொன்னாள். பின் குத்திய இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாயாம். அப்புறம் என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டால் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தானாம். ‘அவளுக்கு பயம் போவல. ஆனா தினம் இஸ்கூலுக்குப் போய்க்கினுதான் இருக்கிறா.’

திருப்பதிக்குத் திரும்பி மேடை, மைக், கைதட்டல் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தேன். இரண்டு வாரம் ஆனது. என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் எழுதியதில்லை. இப்போது கடைசி அத்தியாயத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைதான். அவள் டீயைத் தொடாமல் வைத்துவிட்டுக் கிளம்புகிறாள். வகுப்பு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போகிறாள். அவ்வளவுதான். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் யாருக்கு வாசித்துக் காட்டுவது என்று தெரியவில்லை. உன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உன் பிள்ளைகளிடமே எடுத்துக்கொண்டு போனேன்.

நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் வந்து நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் போய்விட்டது. அடுத்த வரி கண் முன்னால் இருக்கிறது, வாயில் வரவில்லை. இருமினேன், தண்ணீர் குடித்தேன், வரவில்லை. ஊரெல்லாம் மேடை ஏறிப் பேசுகிறவள், பதினோரு வயதுப் பிள்ளைகள் முன்னால் உள்ளங்கை வேர்த்து நிற்கிறேன். அப்போது முன் பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்து தன் நோட்டைப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவனும் குனிந்தான். ஒவ்வொரு பெஞ்சாக அத்தனை பிள்ளைகளும் குனிந்துவிட்டார்கள். ஒருவர் கூட என்னைப் பார்க்கவில்லை. அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் யாரும் கிசுகிசுக்கவில்லை, பெஞ்சு கூட அசையவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வார்த்தை தானாக வந்தது. நான் வாசித்ததும் அவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்த லைப்ரரிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அது மேடம் வச்ச பழக்கம்ங்க. படிக்கிறவங்க நின்னுட்டா யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது, மொகத்தையும் பாக்கக் கூடாது. அவங்களே வர வரைக்கும் தலை குனிஞ்சிக்கினு இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நானும் அதையே விடாம வச்சிருக்கேன்.”

அதிலிருந்து யார் பேச்சு நடுவில் நின்றாலும் எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. காய்கறிக் கடையில், கூட்டத்தில், போனில். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறேன். எவ்வளவோ நேரம் ஆகிறது, ஆனால் விட்ட வார்த்தைக்கு அவர்களே வந்துவிடுகிறார்கள். உன் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.